டீச்சருக்குச் சாமி வந்த கதை

என் ஆயுளில் கால் மணி நேரம் நான் மாரியம்மனாக இருந்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற கிறிஸ்தவச்சி. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவள். அதில் முதல் கட்டளை என்ன சொல்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அப்படிப்பட்டவள் இருக்கன்குடி ஆற்று மணலில், ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் வேப்பிலையோடு ஒரு ஊருக்கே உத்தரவு போட்டேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டாமா? இருந்தது. அந்தக் காரணத்தை ஐந்து ஆம்பளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் சாமி வந்ததைவிடப் பெரிய கூத்து.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அறுபதுகளின் தொடக்கம். எம். புதுப்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். (ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே என்னை இன்னும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.) பெயர் அன்னபாய். வீட்டுக்காரர் தேவசகாயம் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற ஒரு அச்சாபீசில் மிஷின்மேன். ஒரே மகள் ஹெலன், பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பதற்றம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு தடவை பக்கத்துக் காட்டில் இருந்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டு வெடித்துப் பள்ளிக்கூட ஓடெல்லாம் குலுங்கியது. (உள்ளே ஆள் இல்லை என்பது பிறகு தெரிந்தது.) பிள்ளைகள் வீலென்று அலறினார்கள். நான் பிரம்பால் மேசையைத் தட்டி, "ஏளேளு நாப்பத்தொம்போது, சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள். அந்த வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே போய் எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கல் நெஞ்சு. என் வீட்டுக்காரர்கூட, "உன்னைக் கட்டினதுக்கு ஒரு தூணைக் கட்டியிருக்கலாம், வீட்டுக்காவது ஆகும்" என்பார்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் அந்தத் தூண் ஆடத் தொடங்கியது.

அடுப்படியில் ஒரு டம்ளர் கீழே விழும். உடனே நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும். நாய் குரைத்தால் அடிக்கும். பஸ் ஹாரன் அடித்தால் அதுவும் கூட அடிக்கும். நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதுமடல் வரைக்கும் எரியும். மார்கழிக் குளிர் போகாத காலையிலேயே ரவிக்கை தொப்பலாக நனையும். ஐந்து நிமிஷத்தில் சூடு இறங்கி, அப்புறம் உடம்பு நடுங்கும். தூக்கம் போயிற்று. பொறுமை அதற்கு முன்னாலேயே போயிருந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ரசத்துல உப்பு லேசா கம்மி" என்றார். நான் அரை மணி நேரம் அழுதேன். அவர் பாவம், எழுந்து போய்த் தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இல்ல இல்ல, சரியாத்தான் இருக்கு" என்று கரிக்கக் கரிக்கக் குடித்தார்.

மாதக் கணக்கும் தாறுமாறாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் வராது, அப்புறம் பதினைந்து நாளில் வந்து நிற்கும். அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என் புத்திக்கு எட்டவில்லை. (ஐந்தாம் வகுப்புக்கு உடல்நலப் பாடம் நடத்தியவள் நான்தான். அந்தப் புத்தகத்தில் பல் விளக்குவதும் நகம் வெட்டுவதும் மட்டும்தான் இருந்தது.) எனக்கு நெஞ்சு நோய் வந்துவிட்டது, சாவு நெருங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். பைபிளின் கடைசிப் பக்கத்தில், என் இரண்டு வளையலும் ஹெலனுக்கு, நல்ல பட்டுச் சேலை நாத்தனாருக்கு என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் நாத்தனாரோடு ஒரு சின்ன வாக்குவாதம். பட்டுச் சேலையும் ஹெலனுக்கே என்று அடித்துத் திருத்தினேன்.

இந்த நிலையில்தான் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடப் பொறுப்பு தற்காலிகமாக என் கைக்கு வந்தது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர்தான் பள்ளிக்கும் கரஸ்பாண்டெண்ட். அவர் நல்லவர், ஆனால் கமிட்டியில் இருந்த மற்ற நான்கு பேருக்கும் ஒரு ஆம்பளை வாத்தியாரை வெளியூரிலிருந்து கொண்டுவர ஆசை. "பொம்பள எப்படிங்க கட்டி மேய்ப்பாக?" என்று கேட்டார்களாம். ஐயர் நடுவில் நின்று ஒரு வழி சொன்னார். இன்ஸ்பெக்டர் வருகிறார், பிள்ளைகள் வருகையும் படிப்பும் திருப்தி என்று அவர் எழுதிவிட்டால் அன்னபாய்க்கே நிரந்தரம், இல்லாவிட்டால் வெளியூர் வாத்தியார்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கத்தியிருக்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வருகிற தேதியைப் பார்த்தேன். ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.

எங்கள் பக்கத்தில் ஆடி கடைசி வெள்ளி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனிகள் எல்லாம் லீவு. ஊரே வண்டி கட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடும். ஆற்று மணலில் சேலையைக் கட்டி நிழல் பண்ணி, மொட்டை எடுத்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எட்டும் எங்கள் சபைப் பிள்ளைகள். பதிவேட்டில் ஐம்பத்திரண்டு.

மணியடித்து அந்த எட்டையும் வீட்டுக்கு அனுப்பினேன். வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கினேன். குடையை எடுத்தேன். சிவகாசி போய், சாத்தூர் போய், இருக்கன்குடி பஸ்ஸில் ஏறினேன். புத்தியுள்ள எந்த மனுஷியும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகமாட்டாள். நான் போனேன்.

ஆற்று மணலில் கால் வைத்தால் கொப்புளம் போடுகிற வெயில். உருமிச் சத்தம், ஆட்டுச் சத்தம், புகை, லட்சம் ஜனம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தேடித் தேடிக் கடைசியில் எங்கள் ஊர்க்காரர்களைப் பிடித்தேன். முதலில் கண்ணில் பட்டவள் சீனியம்மா. பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள். அவள் பிள்ளைகள் மூன்றில் இரண்டு என் பள்ளிக்கூடம். மூத்தவள் பேச்சி மட்டும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போகிறாள், அதாவது தீக்குச்சியை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்குகிற வேலை.

"வாங்க டீச்சர்! நீங்களும் வந்துட்டீகளா?" என்று வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள் சீனியம்மா. "ஆத்தா உங்களையும் இளுத்துட்டா பாருங்க! கஞ்சி குடிச்சீகளா?"

"சீனியம்மா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராருன்னு சொன்னேன்ல?"

"சொன்னீக. நான் இல்லைங்கலையே! கெடா வெட்டி முடிச்சு ஞாயித்துக்கெளம ராத்திரி வீடு சேந்துருவோம். இன்ஸ்பெக்டர் ஐயாவைத் திங்கக்கெளம வரச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆற்று மணலில் நின்று பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். "இருளப்பன்!" என்றேன். "உள்ளேன் டீச்சர்" என்று சத்தம் வந்தது. திரும்பினால், பாதித் தலை மழித்தபடி ஒருத்தன் எழுந்து நிற்கிறான். முடி எடுப்பவர், "உக்காருலே, காது போயிரும்!" என்று அவனை அமுக்குகிறார். அடுத்த பெயர் கூப்பிட்டேன். பிள்ளைகள் திசைக்கொன்றாகச் சிதறி ஓடினார்கள். பெற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கழுத்து நரம்பு துடிக்கத் தொடங்கியது.

சரியாக அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வேட்டைக் கொளுத்திப் போட்டான்.

ஷெட்டு வெடித்தபோது வாய்ப்பாடு சொன்னவள் நான். அன்றைக்கு ஒரு கோயில் வேட்டுக்கு, ஐயோ, உடம்பே என் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சு ஒரு அடி தப்பி, அப்புறம் உருமியை முந்திக்கொண்டு அடித்தது. சூடு கிளம்பியது. அதுவரை வந்த சூடெல்லாம் ஒத்திகை, இதுதான் நாடகம். முகம் தீயாக எரிகிறது, கை கால் வெடவெடவென்று ஆடுகிறது, வேர்வை கண்ணில் இறங்குகிறது. கண்ணாடி புகை போட்டுவிட்டது, கழற்றினேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது, அதனால் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தேன். கொண்டை பாரமாக எரிந்தது, அதையும் அவிழ்த்துவிட்டேன். காற்று பட்டால் போதும் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு கிழவியின் குரல்.

"ஏ, ஆத்தா எறங்கிட்டாடி!"

குலவைச் சத்தம் எழும்பியது. உருமிக்காரர் என் பக்கமாகத் திரும்பி நின்று இன்னும் வேகமாக வாசித்தார். நான், "தண்ணி... தண்ணி..." என்றேன். குடிக்கத்தான் கேட்டேன். "ஆத்தா தண்ணி கேக்குறா!" என்று ஒருத்தி ஒரு குடம் மஞ்சத் தண்ணியைத் தலையோடு ஊற்றினாள்.

என் வாழ்க்கையில் நான் அனுபவித்த சுகங்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஏழு மாதமாக எரிந்த உடம்பு. "இன்னும்!" என்றேன். குலவை இரண்டு மடங்காயிற்று. இன்னொரு குடம் வந்தது. கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்தார்கள், விசிறிக்கொண்டேன். ஆட்களை விலக்கிக் காற்று விட்டார்கள், மூச்சு விட்டேன். நான் என்ன செய்தாலும் அது சாமி செய்கிறதாகவே பட்டது. இன்றைக்கு யோசித்தால் சிரிப்போடு கண்ணும் கலங்குகிறது. உடம்பு எரிகிற ஒரு பொம்பளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஏழு மாதத்தில் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சீனியம்மா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்? கேளு தாயீ!"

என் கோபம் இன்னும் இறங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சேர்த்து வைத்த கோபம்.

"புள்ளைக வேணும்!" என்று கத்தினேன். "நாளைக்குக் காலையில ஒம்பதரை மணிக்கு அம்புட்டுப் புள்ளையும் பள்ளிக்கூடத்துல இருக்கணும்!"

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா தாயீ?"

"ரெண்டுந்தான்!"

"கட்டை அடுக்கப் போறதுகளுமா?"

"ஏன், அதுக புள்ளைக இல்லையா?"

"படையலுக்கு என்ன கொண்டாரணும் தாயீ?"

"சிலேட்டு!" என்றேன். "சிலேட்டும் குச்சியும் கொண்டாங்க!"

அப்புறம் சூடு இறங்கியது. எப்போதும்போல உடம்பு நடுங்கியது. மணலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்க்கிறேன், சுற்றிலும் கூப்பிய கைகள். என் நெற்றி நிறையக் குங்குமம். மடியில் பதிவேடு மஞ்சளில் ஊறிக் கிடக்கிறது. "ஆத்தா மலையேறிட்டா" என்று பயபக்தியோடு சொல்லி, சீனியம்மா என் கொண்டையைத் தானே முடிந்துவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு முழுவதையும் காலி செய்து கொடுத்தார்கள். கண்டக்டர் என்னிடம் வரவே இல்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே செய்தி சிவகாசி அச்சாபீசுக்குப் போய்விட்டது. வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மஞ்சள் சேலை, குங்குமம், மணல்.

"வா தாயீ," என்றார். "காப்பி குடிக்கிறியா, கூழா?"

அவர் மேல் குடையை எறிந்தேன். "அப்ப கூழுதான்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போனால், ஊரே வாசலில் நிற்கிறது. வண்டியைக் கட்டி விடியுமுன்னே திரும்பி வந்திருக்கிறார்கள். கிடாயைக்கூட வெட்டாமல் கூட்டி வந்துவிட்டார்கள், அது வேப்ப மரத்தடியில் இலை கடித்துக்கொண்டிருந்தது. என் பதிவேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அதில் பாதி புது மொட்டை. அது போக, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், இடுப்பில் இருந்த கைக்குழந்தைகள் இரண்டு. நூற்றுக்கு மேலே இருக்கும். கையில் சிலேட்டு. சிலேட்டு கிடைக்காதவர்கள் அடுப்படிப் பலகையைக் கொண்டு வந்திருந்தார்கள். மதிய உணவு ஆயா உலைப் பானையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் இப்பவே ஓடிப் போயிரட்டா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் ஐயரும் இன்ஸ்பெக்டரும் வந்து இறங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார். நடுவில் விட்டுப்போய் மறுபடி எண்ணினார். பதிவேட்டைக் கேட்டார். மஞ்சள் காய்ந்து அப்பளமாக விறைத்திருந்த பதிவேட்டை நீட்டினேன். பக்கத்தைப் பிரித்தபோது குங்குமம் உதிர்ந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஆடி மாசத்துல இந்த வட்டாரத்துல இப்படி ஒரு வருகையை நான் பார்த்ததே இல்லையம்மா! என்ன செஞ்சீங்க?"

"பெற்றோர்களை நேரில் சந்தித்துப் பேசினேன் ஐயா" என்றேன். கர்த்தர் சாட்சியாக, அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவர் பூரித்துப்போய், தலைமையாசிரியைக்குப் பெற்றோரிடம் உள்ள செல்வாக்கு வியப்புக்குரியது என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டார். நாற்காலி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் குலவைச் சத்தம் கேட்டது.

சீனியம்மா முன்னால் வருகிறாள். பின்னால் பத்துப் பெண்கள். கையில் மாவிளக்கு, தேங்காய், எலுமிச்சம்பழ மாலை. நேராக என்னிடம் வருகிறார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு தொடங்கிவிட்டது. கழுத்து வரைக்கும் சூடு. வாயைத் திறந்து, "போங்க வெளியே!" என்று கத்த வேண்டும். கத்தினால்? மறுபடியும் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று குடம் குடமாக ஊற்றிவிடுவார்கள். கத்தாவிட்டால் மாலையைப் போட்டுவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். சிலை மாதிரி நின்றது இன்னும் தோதாகப் போயிற்று. மாலையைப் போட்டு, சூடம் காட்டி, என் காலடியில் தேங்காயை உடைத்தார்கள். ஒரு சில்லு தெறித்து ஐயரின் அங்கியில் போய் விழுந்தது.

"திங்கட்கிழமை சாயந்தரம் கமிட்டி கூடுகிறது, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐயர் சைக்கிளில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லில்லி வந்தாள். என்னோடு படித்தவள், சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ்ஸில் எவரோ பேசியது காதில் விழுந்து பதறி வந்திருக்கிறாள். நான் அழுதேன். பைபிளின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் எளுதலையா நீ?" என்று கோபித்துக்கொண்டாள். அப்புறம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். மாதக் கணக்கு, சூடு, வேர்வை, தூக்கம், அழுகை.

"அட கிறுக்கி! இது நெஞ்சு நோயும் இல்ல, சாவும் இல்ல. உனக்குத் தீட்டு நிக்கிற காலம்!"

"அது வயித்துக் காரியம்ல? நெஞ்சு எதுக்கு அடிக்குது?"

"கர்ப்பப்பையோட நிக்குற காரியமா அது? இத்தனை வருசம் உள்ள ஊறிக்கிட்டிருந்தது இப்பக் கூடும் கொறையும். சூடும் குளிரும் பயமும் கோவமும், எல்லாத்தையும் ஒரு நெதானத்துல வச்சிருந்ததுல அதுக்கும் பங்கு இருக்கு. இப்ப அந்த நெதானம் தப்புது. சீனியம்மா திரி வெட்டுறாள்ல? திரி நீளமா இருந்தா பத்த வச்சிட்டு ஓடி ஒதுங்க நேரம் இருக்கும். உனக்கு அம்புட்டுக் காலமும் நீளத் திரி. இப்பக் குட்டையாப் போச்சு. அதே வேட்டுதான், அதே அன்னம்தான். ஓடத்தான் நேரம் இல்ல."

"எம்புட்டு நாளைக்கு?"

"ரெண்டு வருசமோ, நாலு வருசமோ. சிலருக்குக் கூடவும் இளுக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. காப்பியைக் கொறை. தூங்கு. எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு தடவை நெஞ்சைப் பார்த்துரட்டும். முக்கியமா, வீட்ல சொல்லு. சொல்லாம வச்சிருந்தா அதுவே பாதி வியாதி."

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், அவ்வளவு உருக்கமாக எழுதிய உயில் வீணாகப் போயிற்றே என்று கொஞ்சம் வருத்தமும்தான்.

திங்கட்கிழமை சாயந்தரம் ஐயர் வீட்டு முன்னறையில் கமிட்டி. ஐயரையும் சேர்த்து ஐந்து ஆம்பளைகள் வரிசையாக நாற்காலியில் இருந்தார்கள். எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். ஒரு மூப்பர் தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், நம்ம சபை ஊழியத்துல இருக்கிறவுக நீங்க. இருக்கன்குடியில உங்க மேல எறங்குனது என்ன? சாமியா, பேயா, இல்ல நடிப்பா? ஒண்ணைச் சொல்லுங்க."

மூன்றில் எதைச் சொன்னாலும் வேலை போயிற்று. நான்காவதைச் சொன்னால் மானம் போயிற்று. அந்தக் காலத்தில் பெற்ற மகளிடம்கூட அதைச் சாடையில்தான் சொல்வோம். முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். சூடு கிளம்பியது. நல்லதாகப் போயிற்று என்று எழுந்து நின்றேன்.

"மூணும் இல்லைங்க. எனக்கு நாற்பத்தேழு வயசு. மாதவிடாய் நிற்கிற காலம்" என்றேன்.

ஒருவர் உடனே உத்தரத்தைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். கேள்வி கேட்ட மூப்பர் கண்ணையே மூடிக்கொண்டார். நான் விடவில்லை. வகுப்பு எடுக்கிற குரலில், முதலில் சூடு, அடுத்து வேர்வை, அதற்கடுத்து நெஞ்சுத் துடிப்பு, அப்புறம் நடுக்கம் என்று வரிசையாக விளக்கினேன். லில்லி சொன்ன திரிக் கதையையும் சொன்னேன். "இதோ இப்பவும் வந்திருக்கு, பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஐயர், "போதும்மா, போதும்மா" என்று கெஞ்சினார்.

அப்போது கதவுப் பக்கம் டபரா தட்டுச் சத்தம் கேட்டது. காப்பி கொண்டு வந்த ஐயரம்மா, அதாவது ஐயரின் மனைவி, அப்படியே நின்றுவிட்டார். சபையில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தட்டை மேசையில் வைத்தார்.

"அன்னபாய், இந்தச் சூடு காதுமடல் வரைக்கும் வருமா?"

"வரும்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு அளுகை வருமா?"

"வரும்மா."

ஐயரம்மா தன் வீட்டுக்காரர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "போன மாசம் நான் உங்க மேல தோசைக் கரண்டியை எறிஞ்சதுக்கு, என்னைச் சாத்தான் பிடிச்சிருக்குன்னு மூணு நாள் உபவாசம் போட்டீகளே. இப்ப என்ன சொல்லுதீக?"

ஐயர் அவசரமாக ஒரு காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த மூப்பர் மூடியபடியே, "ஜெபிச்சு முடிச்சிரலாமே" என்றார். முடித்தார்கள். என் ஊழிய காலத்தில் அவ்வளவு சுருக்கமான ஜெபத்தை நான் கேட்டதில்லை. அந்த வாரமே எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்தக் கமிட்டி என்னிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டால் மறுபடியும் விளக்கிவிடுவேனோ என்று பயம்.

அன்றைக்கு வந்த புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு மாதத்தில் நின்றுபோனார்கள். பாதி தங்கியது. பேச்சி தங்கினாள். தீப்பெட்டி ஆபீசில் சீசன் சூடுபிடிக்கும்போதெல்லாம் சீனியம்மா தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், இந்த ஒரு மாசம் மட்டும் பேச்சியை அனுப்பட்டுமா?" என்று கேட்பாள். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்ப்பேன். "வேண்டாம் தாயீ, படிக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள். செய்தது ஏமாற்று வேலை என்று எனக்குத் தெரியும். கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். பேச்சி ஐந்தாம் வகுப்பு தேறினபிறகுதான் கேட்டேன்.

ஹெலன் படித்து மதராசில் ஒரு ஆபீசில் வேலையில் சேர்ந்தாள். என்னை மாதிரி அவள் இருட்டில் கிடக்கக் கூடாது என்று, அவளுக்கு நாற்பது தாண்டியதுமே எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன். "போம்மா, எனக்கெல்லாம் அப்படி வராது" என்றாள். சில வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தால், மூச்சு வாங்குகிறாள்.

"அம்மா, எனக்கும் சாமி வந்திருச்சு."

எங்கள் குடும்பத்தில் இதற்கு அதுதான் பெயர். நாத்தனாருக்கு வந்தபோதும் அப்படித்தான் சொன்னோம். ஐயரம்மாகூடக் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

"எங்க வச்சு வந்துச்சு?"

"ஆபீஸ்ல. மேனேஜர் ரூம்ல."

"தண்ணி குடிச்சியா? முதல்ல முகத்தைக் கழுவு. சரி, என்ன கேட்ட?"

"நாலு வருசமா இளுத்தடிச்சுக்கிட்டிருந்த பிரமோஷனை."

"குடுக்கேன்னுட்டானா?"

"எந்திரிச்சு நின்னு குடுக்கேன்னுட்டாரும்மா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர், எழுபத்தைந்து வயசு, காது பாதிதான் கேட்கும், ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஏ தாயீ," என்றார் மகளிடம். "காப்பியா, கூழா?"